தூரம் என்னும் சாக்கு

அமெரிக்காவில் இன்றைக்கும் மின்சாரம் இல்லாத வீடுகள் உண்டு என்றால் நம்மில் பலர் கொஞ்சம் யோசிப்பார்கள். உண்டு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும், நவஹோ பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலமான (ரிசர்வேஷன்) நவஹோ நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. பரப்பு ஏறக்குறைய 27,000 சதுர மைல். கேரளத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நிலத்தில் குடியிருப்பவர்கள் சுமார் 1,70,000 பேர். வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது.

இதற்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஆவணப்படம் எடுப்பவர்கள், பயணக் கட்டுரை எழுதுபவர்கள், வாஷிங்டன் அதிகாரிகள், மானுமென்ட் வேலியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாப் பயணிகள் என்று எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் வெகு தூரத்தில் இருக்கிறார்கள், பாவம். வீட்டுக்கு வீடு பல மைல். கம்பி இழுக்கவும் குழாய் பதிக்கவும் யாரால் கட்டுப்படியாகும்? நவீன உலகம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இதற்கு ஓர் இனிப்பு வடிவமும் உண்டு: அவர்கள் விரும்பித்தான் அப்படி வாழ்கிறார்கள், ஆட்டு மந்தையும் நட்சத்திரங்களும் போதும் அவர்களுக்கு. கசப்பு வடிவம் இன்னொன்று: அவ்வளவு கஷ்டம் என்றால் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் என்ன?

மூன்றும் ஒரே கருத்தில்தான் நிற்கின்றன. குறை பூகோளத்தில் இருக்கிறது, மனிதர்கள் எடுத்த முடிவுகளில் இல்லை என்பதே அது. அந்த நிலத்தின் கடந்த நூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கருத்து ஒரு நிமிடமும் தாங்காது. நவீன உலகம் அங்கே போகாமல் இல்லை. போயிற்று, வேண்டியதை எடுத்துக்கொண்டது, வீடுகளைத் தாண்டிப் போய்விட்டது.

இருப்பதிலேயே ஒதுக்குப்புறமான ஊரை எடுத்துக்கொள்வோம். யூட்டா–அரிசோனா எல்லையில் நவஹோ மவுண்டன் என்று ஒரு மலை. உயரம் 10,000 அடிக்கு மேல். நவஹோக்களுக்குப் புனிதமானது. 1864இல் கிட் கார்சனின் படை நவஹோக்களின் பழத்தோட்டங்களை வெட்டி, சோளக் கொல்லைகளை எரித்து, ஆயிரக்கணக்கானவர்களை நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் முகாமுக்கு நடத்திக்கொண்டு போனபோது, ஹோஸ்கினினி என்ற தலைவரும் அவருடைய கூட்டமும் பிடிபடாமல் தப்பி ஒளிந்தது இந்த மலைப்பக்கம்தான். தூரம் அவர்களுக்கு ஒரு காலத்தில் காப்பாக இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் இன்றுள்ள சிற்றூரும் மலையின் பெயரையே கொண்டிருக்கிறது. யூட்டாவுக்குள் இருந்தாலும் யூட்டாவின் மற்ற ஊர்களிலிருந்து நேராகப் போகச் சாலை இல்லை. வடக்கே கொலராடோ, சான் ஹுவான் ஆறுகளின் பள்ளத்தாக்குகள் மறிக்கின்றன. அரிசோனாவுக்குள் இறங்கிச் சுற்றித்தான் மேலே ஏற வேண்டும்.

இவ்வளவு தொலைவான இடத்தை வெளியுலகம் எப்போது கண்டுகொண்டது? 1909இல். மலைக்கு வடமேற்கே ரெயின்போ பிரிட்ஜ் என்று மாபெரும் இயற்கைக் கல்வளைவு ஒன்று இருக்கிறது. பையூட் இன வழிகாட்டிகளின் பின்னால் குதிரையில் போய் அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அது தேசியச் சின்னம். 1920களில் மலைச்சரிவில் சுற்றுலா விடுதி வந்தது, விடுதிக்காகச் சாலையும் வந்தது. பிற்பாடு குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பாரி கோல்ட்வாட்டர் அந்த விடுதியின் பங்குதாரர்களில் ஒருவர். 1951இல் அது எரிந்துபோயிற்று. 1963இல் க்ளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டு பவல் ஏரி நிரம்பத் தொடங்கியதும் வேலை இன்னும் சுலபம். பேஜ் நகரத்துப் பக்கமிருந்து விசைப்படகில் ஏறினால் கல்வளைவின் காலடிக்கே போய்விட முடிந்தது. அந்த வளைவு தங்கள் தெய்வங்களின் இடம், ஏரித் தண்ணீர் அதன் அடிக்கு வருவதால் சடங்குகள் செய்ய முடியவில்லை என்று நவஹோப் பெரியவர்கள் 1974இல் வழக்குப் போட்டார்கள். 1980இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஏரியின் கொள்ளளவைக் காப்பதில் அரசுக்குள்ள அக்கறை பெரிது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த ஆண்டுகளிலெல்லாம் நவஹோ மவுண்டன் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி இல்லை.

படகு வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. எட்டாம் வகுப்பு தாண்டியதும் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அரிசோனா ஊர்களில் விடுதியில் தங்க வேண்டும், அல்லது உறவுக்காரர் வீட்டில் இருந்து படிக்க வேண்டும். பதினான்கு வயதில் அம்மாவை விட்டுப் பிரிவதுதான் படிப்பின் முதல் பாடம். படிப்பை விட்டவர்களும் உண்டு. ஊர் அடங்கிய சான் ஹுவான் கவுன்டிப் பள்ளி மாவட்டத்தின் மேல் பெற்றோர்களும் மாணவர்களும் வழக்குத் தொடுத்தபோது மாவட்டம் தூரத்தையா காரணம் காட்டியது? இல்லை. ரிசர்வேஷனில் வாழும் பிள்ளைகளின் படிப்பு மத்திய அரசின் பொறுப்பு, எங்களுடையது அல்ல என்று வாதாடியது. ‘அது எங்கள் கணக்கில் வராது’ என்ற இந்த வாதத்தைத்தான் வெளியே சொல்லும்போது ‘வெகு தூரம்’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். 1995இல் நீதிபதி புரூஸ் ஜென்கின்ஸ் அதை ஏற்கவில்லை. அவர்கள் யூட்டாவின் குடிமக்கள். இன்னொரு அரசுக்கும் கடமை இருக்கிறது என்பதால் மாவட்டத்தின் கடமை தீர்ந்துவிடாது என்றார். அந்த வழக்குக்குப் பிறகுதான் ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வந்தது.

முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தருகிறோம் என்று நவஹோக்களுடன் செய்த உடன்படிக்கையில் அமெரிக்க அரசு கையெழுத்திட்ட தேதி 1868 ஜூன் 1.

காசு இல்லை என்பார்கள். அதையும் பார்த்துவிடலாம். நவஹோ மவுண்டன் அடங்கிய பையூட் ஸ்ட்ரிப் என்ற பகுதியை 1933இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் நவஹோ ரிசர்வேஷனோடு சேர்த்தது. அதே சட்டம் அனெத் பகுதியையும் சேர்த்தது. அங்கே எண்ணெய் கிடைத்தால் உரிமத் தொகையில் 37.5 சதவீதம் யூட்டா மாநிலத்துக்குப் போகும், அதை அந்தப் பகுதி நவஹோப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் சாலைகளுக்கும் மாநிலம் செலவழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1950களில் அனெத்தில் எண்ணெய் கிடைத்தது. கொஞ்சமாக அல்ல, அபரிமிதமாக. சாலைக்கும் பள்ளிக்கும் என்றே ஒதுக்கப்பட்ட பணம் மாநிலத்தின் கையில் கொட்டிற்று. அது போன போக்கைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் 2010இல் 3.3 கோடி டாலர் கொடுத்து யூட்டா சமரசம் செய்துகொண்டது. நவஹோ மவுண்டனைச் சுற்றி மண்சாலைகள் இன்றும் இருக்கின்றன. மழை பெய்தால் செம்மண் களியாகி பள்ளிப் பேருந்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் அலை அலையாகச் சாலை வரிவிட்டு வண்டியின் திருகுகளைக் கழற்றும்.

தூரம்தான் காரணம் என்றால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? அதே சான் ஹுவான் கவுன்டியில் பிளான்டிங் என்று ஒரு சிறு நகரம். அதன் விளிம்பில், சின்னப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு அந்தப் பக்கம், வெஸ்ட்வாட்டர் என்ற நவஹோக் குடியிருப்பு. முப்பதுக்கும் குறைவான வீடுகள். நகரத்திலிருந்து ஒரு மைல்கூட இல்லை. ராத்திரியில் நகரத்து விளக்குகள் கண்ணுக்கு எதிரே எரியும். இவர்களும் பல பத்தாண்டுகள் ஜெனரேட்டரையும் கேனில் பிடித்து வந்த தண்ணீரையும் வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினார்கள். நகரம், கவுன்டி, மாநிலம், நவஹோ அரசு என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் வந்தது 2020களில். பூகோளம் இங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை.

செலவுக் கணக்கு சொல்பவர்களைக் கட்டாயம் அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நவஹோ மவுண்டனுக்குச் சாலை பிரியும் அரிசோனாவின் 98ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கமாக ஒரு ரயில் பாதை போயிற்று. பிளாக் மேசா மேட்டுநிலத்தின் சுரங்கத்திலிருந்து பேஜ் அருகிலிருந்த நவஹோ அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோக 78 மைல் நீளத்துக்குப் போட்ட பாதை. டீசல் ரயில் இல்லை, மின்சார ரயில். மொத்தப் பாதைக்கும் மேலே 50,000 வோல்ட் கம்பி. அந்தக் கம்பிக்குக் கீழே, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிய நிலம் அது. நிலக்கரிக்கு மின்சாரம் கொண்டுவர முடிந்தது. குடிமக்களுக்கு மட்டும் கம்பி எட்டவில்லையாம்.

மின்நிலையத்தின் திறன் 2,250 மெகாவாட். அதன் மின்சாரத்தில் ஒரு பெரும்பகுதி சென்ட்ரல் அரிசோனா ப்ராஜெக்ட் என்ற கால்வாயின் பம்புகளை ஓட்டியது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 336 மைல் தூரம் பாலைவனத்தின் குறுக்கே கொண்டுபோய், வழியில் ஏறக்குறைய 2,900 அடி உயரத்துக்கு ஏற்றி, ஃபீனிக்சுக்கும் டூசானுக்கும் கொடுக்கும் திட்டம். செலவு 400 கோடி டாலருக்கு மேல். ஃபீனிக்ஸ்காரர்கள் தண்ணீரிலிருந்து வெகு தூரத்தில் வாழ்கிறார்கள், ஆற்றங்கரைக்குக் குடிபோகட்டும் என்று யாரும் அறிவுரை சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொரு குழாயின் கதை இதைவிட மோசம். அதே பிளாக் மேசாவிலிருந்து நெவாடாவின் மொஹாவே மின்நிலையத்துக்கு 273 மைல். அதில் போனது பொடியாக அரைத்து, தண்ணீரில் கரைத்த நிலக்கரி. ரயிலுக்குப் பதிலாகத் தண்ணீரையே வாகனமாக்கிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நவஹோக்களும் பக்கத்துப் பழங்குடியினரான ஹோப்பிகளும் குடிக்கும் நிலத்தடி ஊற்றிலிருந்து எடுத்த நல்ல தண்ணீர்; ஒரு நாளைக்கு 30 லட்சம் காலனுக்கு மேல். 1970இலிருந்து 2005 முடியும்வரை இது நடந்தது. குழாய் இல்லாத நவஹோ வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குப் புழங்குவது பத்து காலனுக்குள்தான். கணக்குப் போட்டால், நிலக்கரியைத் தள்ளிக்கொண்டு போன தண்ணீர் மூன்று லட்சம் பேருக்குக் கண்டிருக்கும். நவஹோ நாட்டில் அத்தனை பேரே இல்லை.

சுரங்கக்காரர்களுக்குத் தூரம் தடையாக இருந்ததே இல்லை. 1944இலிருந்து 1986வரை அந்த மண்ணிலிருந்து கிட்டத்தட்ட மூன்று கோடி டன் யுரேனியத் தாதுவை வெட்டி எடுத்துப் போனார்கள். மூடாமலும் சுத்தம் செய்யாமலும் விட்டுப்போன சுரங்கங்கள் 500க்கு மேல். ராணுவத்துக்கும் தூரம் தடையாக இல்லை. 1942இல் ஜப்பானியர் உடைக்க முடியாத சங்கேதம் தேவைப்பட்டபோது, அந்த ஒதுக்குப்புறத்து மேய்ச்சல் நிலங்களிலிருந்து முதலில் 29 இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்க மரைன் படையால் முடிந்தது.

எந்த நிலத்தில் இவர்களே முன்னேறிவிடக்கூடும் என்று தோன்றியதோ, அங்கே தடை உத்தரவே வந்தது. 1966இல், அமெரிக்கப் பழங்குடியினரைக் கவனிக்கும் ‘இந்திய விவகார’ ஆணையர் ராபர்ட் பென்னட் அதைப் போட்டார். நவஹோ, ஹோப்பி இருவரும் உரிமை கொண்டாடிய சுமார் 15 லட்சம் ஏக்கரில், இரு தரப்பும் சம்மதிக்காமல் எந்தக் கட்டுமானமும் கூடாது. உத்தரவின் வாசகம் எதுவாக இருந்தாலும் நடப்பில் அது என்னவென்றால், ஒழுகும் கூரையை மாற்ற முடியாது, மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஓர் அறை கட்ட முடியாது, கம்பம் நட முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே கிடந்தது. 2009இல் ஒபாமா அதை நீக்கியபோது அங்கிருந்த வீடுகளில் மின்சாரம் வந்தவை நூற்றுக்கு மூன்று என்றும், குழாய்த் தண்ணீர் வந்தவை நூற்றுக்குப் பத்து என்றும் கணக்குச் சொன்னார்கள். இந்தப் பகுதி ஆள் அரவமற்ற மலையுச்சி அல்ல. நெடுஞ்சாலை ஓரத்து டியூபா சிட்டியும் கேமரானும் இதற்குள் அடக்கம். கிராண்ட் கேன்யன் போகும் பயணிகள் கேமரானில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

‘குடிபெயர வேண்டியதுதானே’ என்ற யோசனை புதிதும் அல்ல. அரசு அதை ஒருமுறைக்கு மேல் செய்து பார்த்துவிட்டது. 1864இல் துப்பாக்கி முனையில் நடந்தது ஒன்று. நான்கு ஆண்டு கழித்து முகாமிலிருந்து விடுவிக்கும்போது வேறு பிரதேசத்துக்குப் போங்கள் என்று சொன்னதை நவஹோத் தலைவர் பார்பொன்சீட்டோ மறுத்துச் சொந்த மண்ணுக்கே திரும்புவோம் என்று வாதாடி வென்றார். 1974இல் இன்னொன்று: நவஹோ–ஹோப்பி நிலத் தீர்வுச் சட்டத்தின்படி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நவஹோக்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் புதிய நிலம் என்று காட்டிய இடம் அரிசோனாவின் சாண்டர்ஸ் பக்கம், புவெர்கோ ஆற்றோரம். 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக்கில் யுரேனியக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்து 9.4 கோடி காலன் கதிரியக்கக் கழிவுநீர் ஓடியதே, அந்த ஆறுதான். அமெரிக்க வரலாற்றில் அளவில் மிகப் பெரிய கதிரியக்கக் கசிவு அது. 2015இல் சாண்டர்ஸ் குடிநீரில் யுரேனியம் அனுமதித்த அளவைவிட அதிகம் என்று தெரிந்தது. குடிபெயர்ந்தவர்கள் அடைந்த லாபம் இது.

இனி, விரும்பித்தான் அப்படி வாழ்கிறார்கள் என்ற இனிப்பு. வீடுகள் ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. வறண்ட நிலத்தில் ஆடு மேய்க்க நிறைய இடம் வேண்டும். தாய்வழிக் குடும்பங்கள் தங்கள் மேய்ச்சல் பகுதியை ஒட்டியே வீடு கட்டின. குழந்தையின் தொப்புள் கொடியை ஆட்டுப்பட்டி அருகே புதைப்பது வழக்கம்; அந்த மண்ணோடு உறவு அப்படிப்பட்டது. விட்டு வர மனமில்லை என்பது நிஜம். ஆனால் மண்ணை விட மனமில்லை என்பதும் தண்ணீர் வேண்டாம் என்பதும் ஒன்றாகிவிடுமா? அயோவாவின் விவசாயிகளும்தான் தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936இல் கிராம மின்மயமாக்கல் சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. நீங்கள் ஏன் சிதறி வாழ்கிறீர்கள் என்று அந்த விவசாயிகளை யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் எடுக்கப் போவது எப்படி என்று கிட்டத்தில் பார்த்தால் இந்த ‘எளிய வாழ்க்கை’ப் பேச்சு அடங்கும். பிக்கப் வண்டியின் பின்தட்டில் 200 காலனுக்கு மேல் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி. ஊர்ப் பொதுக்கூடமான சாப்டர் ஹவுஸில் குழாயடி. முன்னால் நாலு வண்டி நின்றால் காத்திருக்க வேண்டும். நிரம்பிய தொட்டியின் பாரத்தோடு மண்சாலையில் ஆமை வேகத்தில் திரும்ப வேண்டும். டயர் போகும், ஸ்பிரிங் உடையும். குளிர்காலத்தில் தொட்டி உறையும். பெட்ரோல் செலவையும் சேர்த்தால் ஒரு காலன் தண்ணீருக்கு நகரத்து மாடிவீட்டுக்காரர் கொடுப்பதைப் போல் பல மடங்கு. கொண்டுவந்ததில் பாத்திரம் கழுவி, அதையே செடிக்கு ஊற்றி, கடைசி டம்ளர்வரை எண்ணிச் செலவழிக்கிறார்கள். 2020 மே மாதம் மக்கள்தொகை விகிதப்படி கொரோனாத் தொற்றுக் கணக்கில் நவஹோ நாடு நியூயார்க் மாநிலத்தையே தாண்டியபோது, கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று இவர்களிடமும்தான் சொன்னார்கள்.

விருப்பம் எது என்பதை வேறு வழியிலும் அறியலாம். 2019இல் ‘லைட் அப் நவஹோ’ என்ற திட்டத்தில் நாட்டின் பல நகரங்களிலிருந்து மின் ஊழியர்கள் தன்னார்வமாக வந்து, நவஹோ மின்வாரியத்தோடு சேர்ந்து ஆறு வாரத்தில் 200க்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். நட்சத்திர வெளிச்சமே போதும் என்று கம்பத்தை மறித்து நின்றவர் யாரும் இல்லை. பத்து, இருபது ஆண்டு முன்பே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

ஒரு மறுப்புக்கு மட்டும் பாதி நியாயம் உண்டு. நவஹோ அரசாங்கமே ஒழுங்கா என்று கேட்பார்கள். ஒழுங்கு என்று சொல்ல முடியாது. அதன் தலைவராக இருந்த பீட்டர் மெக்டானல்ட் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். வீடு கட்ட ஓர் ஏக்கர் நிலத்துக்குக் குத்தகை வாங்கவே நில அளவை, தொல்லியல் சான்று, மேய்ச்சல் உரிமைக்காரரின் கையெழுத்து என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். இந்தத் தாமதத்தைச் சகித்துக்கொள்ள நவஹோக்களே தயாராக இல்லை, நாமும் பூசி மெழுக வேண்டாம். ஆனால் நிலம் மத்திய அரசின் பொறுப்பில் இருக்கிறது. அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது, வாஷிங்டனின் விதிகளை மீறி ஒரு கல்லை நகர்த்த முடியாது. நிர்வாகக் கோளாறுதான் அளவுகோல் என்றால், எண்ணெய்ப் பணத்துக்காகச் சமரசத் தொகை கட்டிய யூட்டாவின் தலைநகரில் விளக்கு அணையவில்லையே.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நவஹோக்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று மதிப்பிட்டுத் திட்டம் வகுக்கும் கடமையை 1868 உடன்படிக்கை மத்திய அரசின் மேல் சுமத்தவில்லை என்று நீதிபதி கவனா எழுதினார். கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்களும் பங்கு போட்டுக்கொண்ட 1922 ஒப்பந்த மேசையில் நவஹோக்களுக்கு நாற்காலி இல்லை. தங்கள் பங்கு என்ன என்று நூறு ஆண்டு கழித்துக் கேட்டபோது கிடைத்த பதில் இது. எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி கோர்சச் நான்கு பேரில் ஒருவர். பழமைவாதி என்று பெயர் வாங்கியவர்.

யூட்டாப் பகுதிக்கு ஒரு நீர் உடன்பாட்டை 2020இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. அரிசோனாவுக்கு அதைவிடப் பெரியது காத்திருந்தது. நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தென் பையூட் மூவரும் 2024 மே மாதம் ஒப்புதல் கொடுத்தார்கள். தொகை 500 கோடி டாலர். அதில் முக்கியமான வேலை, பவல் ஏரியிலிருந்து நவஹோ, ஹோப்பி ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் பதிப்பது. நிலக்கரிக்காக முன்பு பதித்த குழாய் ஊற்றுத் தண்ணீரை வெளியே கொண்டுபோயிற்று. இது தண்ணீரை உள்ளே கொண்டுவரும். வழியில் இருப்பது அதே பாறையும் மணலும்தான், பொறியாளர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதற்கான மசோதா காங்கிரஸில் அந்த ஆண்டு நிறைவேறவில்லை.